சூலியா தெருவின் எட்டாவது ரம்பம்

பினாங்கில் ஒரு காலத்தில் நல்லபெருமாள் ஆசாரி ஒரு ரம்பத்தைச் சுண்டிப் பார்த்தால், அந்த ஓசை கடலைத் தாண்டி அக்கரையில் உள்ள பிறைத் துறை வரைக்கும் போகும். புறப்படும் மணி அடித்துவிட்டது என்று நினைத்து ஃபெரிக்காரன் கயிற்றை அவிழ்த்துவிடுவான். பாதிப் பயணிகள் கரையில் நிற்க, கப்பல் அது பாட்டுக்குக் கிளம்பிவிடும்.

இதைச் சொன்னதும், எதிரே உட்கார்ந்து முறுக்கு நொறுக்கிக்கொண்டிருக்கும் புஷ்பவள்ளி என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். நல்லபெருமாளின் மகள் அவள். பார்க்க உரிமை உள்ளவள். சரி, குறைத்துக்கொள்கிறேன். ஓசை பிறை வரைக்கும் போகவில்லை. சூலியா தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போனது. அதுவும் காற்று தோதாக வீசிய ஒரு சனிக்கிழமை. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

நல்லபெருமாள் கெட்டிக்காரத் தச்சர். கதவு, ஜன்னல், மாட்டுவண்டிக் கூடு என்று எதைக் கொடுத்தாலும் செய்வார். ஆனால் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று சொன்னால் போதும், தோளில் கிடக்கும் துண்டின் முனை வாய்க்குள் போய்விடும். சௌரஸ்தா பாசாரில் நாலு கத்தரிக்காய் வாங்க அவருக்கு அரைமணி நேரம் ஆகும். ஒவ்வொன்றாகத் தூக்கி, அழுத்தி, காம்பைத் திருகி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"அண்ணே, இது கத்தரிக்காய்லா. பொண்ணு இல்ல," என்பாள் கடைக்காரி. "ராத்திரி குழம்போட கதை முடிஞ்சிடும்."

"இருக்கட்டும். இன்னொரு தடவை பார்த்துக்கிறேன்," என்பார் இவர்.

எந்தப் பொருளுக்கும் உள்ளே ஒரு குறை ஒளிந்திருக்கும், வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது தலையை நீட்டும் என்பது அவருடைய தீராத பயம். புழுத் துளை வெளியே தெரிகிற கத்தரிக்காய் என்றால் மட்டும் முகம் தெளியும். அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மற்றதைச் சமைக்கலாம் அல்லவா. துளையே இல்லாத கத்தரிக்காய்தான் அவரை மிரட்டும்.

1929ஆம் வருஷம் அது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து அவர் இங்கே வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. நடுவில் ஒரே ஒரு முறை ஊருக்குப் போய்வந்தார். அந்த ஒரு முறையின் பலன் இதோ முறுக்கு தின்கிறது. அந்த 1929இல் அவளுக்கு நாலு வயது. அப்பா அவள் முகத்தைப் பார்த்ததில்லை, அவளும் அப்பாவைப் பார்த்ததில்லை. ஒரு கடைவீட்டு மாடியில், பதினோரு ஆண்களோடு பாய் விரித்துப் படுக்கிறவர் மனைவியையும் பிள்ளையையும் எங்கே கொண்டுவந்து வைப்பார்?

அந்த வருஷம் மனைவி குணவதி வாத்தியாரைப் பிடித்து ஒரு கடிதம் எழுதிவிட்டாள். "வீடு கிடைத்துவிட்டது என்று எழுதினால் கப்பல் ஏறுகிறேன். கிடைக்கவில்லை என்று எழுதுவதாக இருந்தால் இனிமேல் கடிதமே வேண்டாம். பிள்ளை, அப்பா என்றால் தபால்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் வந்தால் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிறாள். அவருக்கும் குடும்பம் இருக்கிறது."

நல்லபெருமாள் இந்தக் கடிதத்தை எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தார். வேர்வையில் எழுத்து கலங்கியது. ஆனால் 'தபால்காரர்' என்ற சொல் மட்டும் கலங்காமல் நின்றது.

இந்தச் சமயத்தில்தான் துறைமுகத்துப் பட்டறையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ராமதாஸ் வந்து காதில் போட்டார். பட்டறையில் ஒரு தச்சர் வேலை காலி. நிரந்தர வேலை. கூடவே வரிசை வீட்டில் ஒரு வீடு, தனி அடுப்பங்கரையோடு.

"நாலு பேர் பேர் கொடுத்திருக்காங்க. நீ அஞ்சாவதா வராதே, நாலுல ஒருத்தரை அடிச்சிட்டு உன் பேரை எழுதிட்டேன்," என்றார் ராமதாஸ். "திங்கக்கிழமை காலையில சோதனை. அவங்கவங்க ரம்பத்தை அவங்கவங்கதான் கொண்டு வரணும். ரெண்டு கட்டை கொடுப்பாங்க. ரெண்டுலயும் நுனியில பாதிக் கனத்தை அறுத்தெடுத்து ஒண்ணு மேல ஒண்ணு படிய வைக்கணும். உளி கூடாது, இழைப்புளி கூடாது. ரம்பம் விட்டது விட்டபடி இருக்கணும். போர்மேன் துரை இடுக்குல தாளை விட்டுப் பார்ப்பாரு. எவன் கட்டையில தாள் போகலயோ அவனுக்கு வேலை."

"உளி கூடாதா?"

"கூடாது."

"ஒரு தட்டு கூடவா?"

"ஆசாரி, உனக்கு ரம்பம் ஒழுங்கா இருக்கில்ல, அப்புறம் என்ன?"

ரம்பம் ஒழுங்காகத்தான் இருந்தது, வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த ரம்பம் அது. நம் ஊர் ஆசாரிமார் தரையில் உட்கார்ந்து, கட்டையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, ரம்பத்தைத் தம் பக்கமாக இழுத்து அறுப்பார்கள். அதற்கேற்றபடி பற்கள் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். சோதனை என்றதும் அதைத் தீட்டிவைப்போம் என்று உட்கார்ந்தார். தீட்டியாயிற்று. பற்களை ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமும் லேசாக வளைத்து விடவேண்டும், அப்போதுதான் மரத்துக்குள் ரம்பம் சிக்காமல் ஓடும். அதையும் செய்தாயிற்று. அத்தோடு எழுந்திருக்கலாம். இன்னொரு தடவை பார்த்துக்கிறேன் என்று மறுபடி குனிந்தார். நாலாவது பல் டக்கென்று ஒடிந்தது. கை பதறியதில் ஐந்தாவதும் போயிற்று. அதைச் சரிசெய்யப் போய் இன்னும் இரண்டு. பல் போன கிழவன் மாதிரி ரம்பம் அவரைப் பார்த்து இளித்தது. துண்டின் முனை வாய்க்குள் போயிற்று.

சனிக்கிழமை காலை சூலியா தெருவில் ஷேக் அலாவுதீன் இரும்புக்கடையைத் திறக்கும்போதே படியில் இவர் உட்கார்ந்திருந்தார். அலாவுதீன் பருத்த மனிதர், அவசரம் அறியாதவர். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பூப்போட்ட திரை. திரைக்குப் பின்னால் அவருடைய மனைவி நூர் பீவி. அவள் முகத்தைத் தெருவில் பார்த்தவர் குறைவு, ஆனால் அவள் குரலைக் கேட்காதவர் கிடையாது.

விற்பனைக்கு ஏழு ரம்பங்கள் இருந்தன. நல்லபெருமாள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். முதலில் ஒரு கண்ணை மூடி, பல் வரிசை நூல் பிடித்தமாதிரி இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு நுனியைப் பிடித்து வில்லாக வளைத்து விடுவார். நல்ல உருக்கு துள்ளி நேராக நிற்கும், வளைந்த அடையாளமே இருக்காது. அப்புறம் விரலிடுக்கில் தகட்டின் கனத்தை உருட்டிப் பார்ப்பார். பல் பக்கம் தடிப்பாகவும் முதுகுப் பக்கம் மெலிவாகவும் இருந்தால்தான் ஆழமாக அறுக்கும்போது மரம் பிடித்துக்கொள்ளாது. கடைசியாகக் காதருகே தொங்கவிட்டு நடுவில் ஒரு சுண்டு.

முதல் ரம்பம் தகர டப்பா மாதிரி சத்தம் போட்டது. இரண்டாவதை வளைத்து விட்டால், தூக்கம் கலையாதவன் மாதிரி மெதுவாக நிமிர்ந்தது. மூன்றாவதின் பிடி கட்டைவிரல் அடியில் கடித்தது. இப்படியே அரைநாள் ஓடிற்று.

"ரம்பம் வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்றார் அலாவுதீன். "மாப்பிள்ளை வீட்டுக்காரன்கூட ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு முடிவு சொல்லிடுவான், ஆசாரி."

"பாய், ஆறாவதை இன்னொரு தடவை பார்க்கட்டுமா?"

திரைக்குப் பின்னாலிருந்து, "ஆறாவதை ஒம்பது தடவை சுண்டியாச்சு," என்றது நூர் பீவியின் குரல். "நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். வெங்காயம் நறுக்கவே முடியல, ஒவ்வொரு டிங்குக்கும் கை அதுபாட்டுக்கு ஒரு வெட்டு வெட்டுது."

உண்மையில் ஆறாவதும் ஏழாவதும் குறைசொல்ல முடியாத ரம்பங்கள். சீமைச் சரக்கு. பளபளப்பும் ஓசையும் துள்ளலும் எல்லாம் சரி. அதுதான் அவரை மிரட்டியது. இவ்வளவு சரியாக இருக்கிற பொருள் எங்கே கைவிடும்? திங்கட்கிழமை காலையில், துரை பார்த்துக்கொண்டிருக்கும்போது கைவிடும். போதாக்குறைக்கு அவை எல்லாம் தள்ளி அறுக்கிற ரம்பங்கள். பற்கள் பிடியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. இருபது வருஷம் இழுத்துப் பழகிய கை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தள்ளப் பழகுமா?

இதை யோசித்தபடி தலையை நிமிர்த்தியவர் கண்ணில்தான் எட்டாவது ரம்பம் பட்டது. அலாவுதீன் உட்காரும் இடத்துக்குப் பின்னால், சுவரில், எண்ணெய்த் துணி சுற்றித் தொங்கியது. பிடி மட்டும் வெளியே தெரிந்தது. பலா மரப்பிடி. நம் ஊர் வேலை.

"பாய், அது?"

"அது விக்கிறதுக்கு இல்ல."

"பார்க்கலாமா?"

"பார்க்கிறதுக்குத் தடை இல்ல," என்று எடுத்துக் கொடுத்தார் அலாவுதீன்.

துணியைப் பிரித்தார். பற்கள் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. வளைத்தார், துள்ளியது. காதருகே தொங்கவிட்டுச் சுண்டினார். நான் முதலில் சொன்னேனே, அந்த ஓசை இதுதான். தெருவில் போன ரிக்‌ஷாக்காரன் திரும்பிப் பார்த்தான். திரைக்குப் பின்னால் வெங்காயக் கத்தி நின்றது.

"இதுதான் ரம்பம்," என்றாள் நூர் பீவி. "மத்ததெல்லாம் சோத்துல கல்லு கடிபட்ட மாதிரி."

"கொடுத்திடுங்க பாய்."

அலாவுதீன் தலையை ஆட்டினார். "அமானிதம், தம்பி. மாசானம் ஆசாரின்னு ஒருத்தர். சுங்கை பாக்காப் தோட்டத்துக்கு வேலைக்குப் போனப்ப என்னை நம்பி வெச்சிட்டுப் போனாரு. மூணு வருஷம் ஆச்சு. தொடைக்கிறேன், எண்ணெய் போடறேன். வித்தேன்னா மறுமையில நின்னு பதில் சொல்லணும். நீ வருவியா அங்க எனக்குப் பதிலா?"

"ஒரு நாளைக்கு இரவலா?"

"இரவலும் கூடாது. பொருள் அவரோடது, வார்த்தை என்னோடது."

"அவரு வந்து கேட்டாத்தானா?"

"அவரு இல்லேன்னா அவரு அனுப்புற ஆளு," என்றார் அலாவுதீன். "போறப்ப இதே ரம்பத்தால ஒரு கட்டையை ரெண்டா அறுத்தாரு. ஒரு பாதி எங்கிட்ட. மறுபாதி அவருகிட்ட. அந்த மறுபாதியைக் கொண்டாந்து சேர்த்துக் காட்டறவன் கையில ரம்பத்தைக் கொடுன்னு பேச்சு."

"கட்டை என் கிராம்பு ஜாடியில பத்திரமா இருக்கு," என்று திரை சொன்னது.

சனி இரவு அவர் தூங்கினாரா என்று யாரும் கேட்க வேண்டாம். ஞாயிறு முதல் ஃபெரியில் ஏறினார். ஏறும்போதே, ஏழாவது ரம்பத்தை வாங்கிப் பழகியிருக்கலாமோ என்று நினைத்தார். கரை விலகியதும், இனி நினைத்துப் பயனில்லை என்று நினைத்தார். பிறையில் இறங்கியதும், திரும்பிவிடலாமோ என்று நினைத்தார். ரயில் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு கார்டு பச்சைக்கொடி காட்டும்வரை யோசித்தார். கார்டு திட்டிய பிறகுதான் மற்றக் கால் ஏறியது. மாசானம் வேறு தோட்டத்துக்குப் போயிருந்தால்? கட்டையைத் தொலைத்திருந்தால்? எனக்கே ரம்பம் வேண்டும் என்று சொல்லிவிட்டால்? நிபோங் திபாலில் இறங்கி, சுங்கை பாக்காப் பக்கம் போகிற மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் துண்டின் ஒரு முனை ஈரமாகவே ஆகிவிட்டது.

தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைக் குடில்களில், மாசானம் வீடு எது என்று கேட்டார். ஒரு பெண் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அடியை நிறுத்தாமலே, "அவரு போன ஐப்பசியில காய்ச்சல்ல போயிட்டாரு. நான் அவரு பொண்டாட்டி, தெய்வானை. உங்களுக்குக் கதவு ஏதாவது பாக்கி வெச்சிட்டுப் போனாரா?" என்று கேட்டாள்.

நல்லபெருமாள் அப்படியே வாசலில் உட்கார்ந்து, பல் ஒடிந்த கதையிலிருந்து தபால்காரர் கதைவரை சொல்லிமுடித்தார். தெய்வானை கோடரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும் சிரித்தாள்.

"அந்த ரம்பத்துக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"அது மாதிரி ஒரு ஓசையை நான் கேட்டதில்லைம்மா."

"ஓசை நல்லாத்தான் இருக்கும். அது எடப்பக்கம் ஓடும்."

"ஓடும்னா?" என்றார் நல்லபெருமாள்.

"கோடு போட்டு நேரா அறுத்தா, அது மெல்ல மெல்ல எடப்பக்கமா விலகிப் போகும். அதைத் திட்டிக்கிட்டே அறுப்பாரு. தோட்டத்துக்கு வர்றப்ப, ரொம்ப உசந்த ரம்பம், இங்க கொண்டாந்தா கெட்டுடும்னு சாக்கு சொல்லி பாய்கிட்ட வெச்சிட்டு வந்தாரு. தூக்கிப் போட மனசு வரல, கூட வெச்சிக்கவும் பொறுக்கல. அவரும் அதே மாதிரிதான். வீட்டுக்கு நேரா கிளம்புவாரு, பாதி வழியில கள்ளுக்கடை எடப்பக்கம். ரெண்டையும் திருத்தப் பார்த்தேன். எனக்கு ஆகல."

துண்டின் முனை வாயிலிருந்து தானாக விழுந்தது. "ரெண்டு பக்கமும் ஓடுமா, எடப்பக்கம் மட்டுந்தானா?"

"எடப்பக்கம் மட்டுந்தான். பத்து வருஷமா அதே பக்கம். அதுல ஒரு ஒழுங்கு உண்டு."

"அப்படின்னா கொடுங்கம்மா," என்றார் நல்லபெருமாள். "அது போதும் எனக்கு."

தெய்வானை அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கொடுக்கிறேன். ஆனா ஒண்ணு. தச்சனைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் தரையில உட்கார்ந்து சாப்பிடறேன். அந்த ரம்பத்தால எனக்கு ஒரு மணை அறுத்து அனுப்பணும்."

"சத்தியமா."

"கட்டை அங்க இருக்கு பாருங்க," என்று கோழிக்கூண்டைக் காட்டினாள். கூண்டின் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது அந்த மறுபாதி.

அவர் அதை உருவினார். அவசரத்தில், கதவுக்கு வேறு முட்டு வேண்டும் என்பதை மறந்துபோனார். எட்டுக் கோழிகளும் ஒரு சேவலும் லயத்துக்குள் நாலு திசையிலும் பறந்தன. ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். கோழிகளை விட்டுவிட்டு ஓடவும் முடியவில்லை. ஒரு கையில் கட்டை, மறுகையால் கோழி. இடது பக்கம் பாய்ந்தால் கோழி வலது பக்கம். லயத்துப் பெண்கள் எல்லாம் வெளியே வந்து நின்று வழி சொன்னார்கள், ஆளுக்கொரு வழி. கடைசிக் கோழியை மாட்டுத் தொழுவத்தில் பிடித்தபோது மாட்டுவண்டி போய்விட்டது. நிபோங் திபால் வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்தார். ரயில் நகரத் தொடங்கியிருந்தது. காலையில் திட்டின அதே கார்டு கையைப் பிடித்து இழுத்துப் போட்டு மறுபடி திட்டினான்.

மூச்சு அடங்கியதும் கட்டையை மடியில் வைத்துப் பார்த்தார். கோழிக்கூண்டு நாற்றம். ஆனால் அறுத்த முகம் சுத்தமாக இருந்தது. மாசானம் போட்ட கரிக்கோடு ஓரத்தில் இன்னும் தெரிந்தது. அறுப்பு அந்தக் கோட்டில் தொடங்கி, சிறிது சிறிதாக விலகி, கீழே வரும்போது கோட்டைவிட்டு ஒதுங்கியிருந்தது. துண்டிலிருந்து ஒரு நூலை உருவி அளந்தார். ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு நெல்லின் கனம். மறுபடி அளந்தார். அதே நெல். இந்த மூன்று நாளில் முதல்முறையாக அவர் மூன்றாவது தடவை அளக்கவில்லை.

சூலியா தெருவுக்கு வந்தபோது அலாவுதீன் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு மகரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் போயிருந்தார்.

"கட்டையைக் கொடுங்க தம்பி, பார்க்கிறேன்," என்று திரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. உள்ளே சேர்த்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. "சேருது. ரேகை ஓடுது. ஒரு பாதி கிராம்பு மணக்குது, ஒரு பாதி... இது என்ன மணம்?"

"கோழி, அக்கா."

"அல்லாவே."

"ரம்பத்தைக் கொடுத்திடுங்கக்கா, நான் போய்த் தீட்டணும்."

"வாங்கின கை அவரோடது. கொடுக்கிற கையும் அவரோடதா இருக்கணும். உட்காருங்க. தேத்தண்ணி தர்றேன்."

அலாவுதீன் பள்ளிவாசலிலிருந்து வருகிற வழியில் நாலு பேரிடம் நின்று பேசுகிற மனிதர். அன்றைக்கு ஆறு பேரிடம் பேசினார். நல்லபெருமாள் தேநீரை ஆறவிட்டுப் படியில் உட்கார்ந்து, வானம் கறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக அலாவுதீன் வந்தார். இரண்டு பாதிகளையும் விளக்கடியில் சேர்த்தார், மரத்தின் ரேகைகள் ஒன்றோடு ஒன்று ஓடிச் சேர்வதைப் பார்த்தார், மாசானம் இறந்த செய்தியைக் கேட்டு ரம்பத்துக்குக் கடைசியாக ஒரு தடவை எண்ணெய் போட்டார். பிறகு இரண்டு கையாலும் ரம்பத்தை எடுத்துக் கொடுத்தார்.

"ஒரு பாரம் இறங்கிச்சு, தம்பி. இனிமே உன் பாடு."

திங்கட்கிழமை விடிந்ததும் நல்லபெருமாள் எண்ணெய்க்கல்லை எடுத்தார். ரம்பம் இடது பக்கம் ஓடுகிறது என்றால் இடப்பக்கப் பற்கள் கொஞ்சம் அதிகமாக விரிந்திருக்கின்றன என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் மட்டும் கல்லை மெதுவாக ஓட்டினால் அவை அடங்கும். கூடிப்போனால் வலப்பக்கம் ஓடத் தொடங்கிவிடும். ஒரு தடவை ஓட்டினார். இரண்டாவது தடவை ஓட்டினார். மூன்றாவதற்குக் கை தானாகப் போயிற்று. ஒடிந்த நாலு பற்களும் கண்முன் இளித்தன. கல்லைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். கீழே யாரோ கத்தினார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரம்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பட்டறையில் மற்ற மூன்று பேரும் மேஜைமுன் நின்று, பளபளக்கிற சீமை ரம்பங்களைத் தள்ளினார்கள். இவர் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, கட்டையைப் பாதங்களுக்கு நடுவே நிறுத்தினார். போர்மேன் துரை குனிந்து பார்த்துவிட்டு ராமதாஸிடம் ஏதோ கேட்டார்.

"அவங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் சார்," என்றார் ராமதாஸ். அவர் கும்பகோணத்துக்காரர், வள்ளியூரைக் கண்ணால் பார்த்ததில்லை.

நல்லபெருமாள் கோடு போட்டார். முதல் இழுப்பு. ரம்பம் பாடியது. எங்கே பார்க்கவேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்திருந்தது. எட்டுத் திக்கிலிருந்தும் வரக்கூடிய ஆபத்துக்கு அஞ்சுகிற மனிதருக்கு அன்றைக்கு ஒரே ஒரு திக்குதான் காவல் காக்க இருந்தது. இடப்பக்கம். இழுத்தார், பார்த்தார், இழுத்தார். இரண்டு கட்டையும் அறுந்தன. ஒன்றின்மேல் ஒன்றைப் படியவைத்து, துண்டை வாய்க்குக் கொண்டுபோய், துரை பார்க்கிறார் என்று இறக்கினார்.

துரை தாளை எடுத்தார். விட்டுப் பார்த்தார், போகவில்லை. சிகரெட் சுற்றுகிற மெல்லிய தாளை எடுத்தார், அதுவும் போகவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி இடுக்கில் ஊற்றினார், மறுபக்கம் ஒரு சொட்டு வரவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "இந்த மனிதருக்கு ஒரு வீடு கொடுங்கள், முடிந்தால் இரண்டு கொடுங்கள்," என்று சொன்னார். மூன்றாம் மாதம் நாகப்பட்டினம் கப்பலில் குணவதி வந்து இறங்கினாள். படகுத்துறையில், காக்கி உடுப்பு போட்ட சுங்கக்காரரை நோக்கி ஒரு நாலு வயதுப் பிள்ளை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டது. நல்லபெருமாள் பக்கத்திலேயே, துண்டைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். மணை அதற்கு முன்பே சுங்கை பாக்காப் போய்ச் சேர்ந்துவிட்டது.

புஷ்பவள்ளி முறுக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"காலைக் கட்டிக்கிட்டது நெசம், அதைச் சொல்லிக்கோங்க. மத்ததை ஒழுங்கா எழுதுங்கக்கா. தொப்பியெல்லாம் யாரும் கழட்டல, தண்ணியும் ஊத்தல. 'நெக்ஸ்ட்'னு சொல்லிட்டு நடந்தாராம் துரை. அப்பா வாயால ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். தாள் உள்ள போச்சு."

"போச்சா?"

"ஒரு தாள் போச்சு. மடிச்சு விட்டப்ப போகல. மத்த மூணு பேரு கட்டையிலயும் மடிச்ச தாளே போச்சு. அவ்வளவுதான் வித்தியாசம், அதுக்குத்தான் வீடு." மறுபடி முறுக்கை எடுத்துக்கொண்டாள். "எந்தப் பக்கமா போச்சுன்னு கேளுங்க."

"எந்தப் பக்கம்?"

"எடப்பக்கம்."